1,850 ரூபா கப்பில் வந்த சிவப்பு ரொட்டாலா: பத்து மாதத்துக்குப் பிறகு

ரொட்டாலா மக்ராண்ட்ரா என்கிற சிவப்பு மீன்தொட்டிச் செடியை நான் இரண்டு தரம் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். முதல் தரம் வாங்கினது எட்டு நாளில் கரைந்து போய்விட்டது. இரண்டாம் தரம் வாங்கினது என்னுடைய இரண்டடித் தொட்டியின் வலது மூலையில் தண்ணீர் மட்டத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. வருகிற ஆட்கள் முதலில் செடியைப் பார்த்துவிட்டுத்தான் எங்களைப் பார்க்கிறார்கள்.

எனக்கு வேலை வெள்ளவத்தையில் ஒரு பார்மசியில். மில்லிகிராம் கணக்கில் நிறுப்பதும், ஒட்டியிருக்கிற லேபிளை நம்பாமல் திருப்பித் திருப்பி வாசிப்பதும் பழகிப்போன கை. அப்படிப்பட்ட நானே இந்தச் செடியோடு நாலு மாதம் பிழையான பக்கத்தில் நின்று மல்லுக்கட்டினேன். வீடியோ போடுகிற வெளிநாட்டுக்காரர் சொன்னதை அப்படியே செய்ததுதான் பிழை. அவர்கள் தொட்டிக்குள் ஹீற்றர் போட்டுத் தண்ணீரைச் சூடாக்குகிற ஆட்கள். இங்கே சித்திரை மாதத்தில் பைப்பைத் திறந்தால் தேத்தண்ணீருக்குப் பாதி சூடாகவே வருகிறது.

முதல் தரம் வாங்கினதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கடையில் ஐந்து கிளையை ஸ்பொஞ்சில் சுற்றிக் கட்டி 750 ரூபாவுக்குத் தந்தார்கள். இலை வட்டமாய், தடிப்பாய், பச்சையும் செம்மையும் கலந்து இருந்தது. அது தண்ணீருக்கு வெளியே, ஈர மண்ணில் வளர்த்த செடி என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. கடைக்காரரும் சொல்லவில்லை. தண்ணீருக்குள் இறங்கினதும் பழைய இலையை எல்லாம் உதிர்த்துவிட்டுப் புது இலை விடவேண்டிய செடி அது. அதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். என்னுடையதற்கு இல்லை. மூன்றாம் நாள் தண்டு கண்ணாடி போலத் தெரிந்தது, எட்டாம் நாள் சூப். திரும்பப் போய்ச் சொன்னேன். “எல்லாருக்கும் கரையும்தான்” என்றார். அந்தக் கடைக்கு அதற்குப் பிறகு நான் போகவில்லை, பெயரையும் சொல்லவில்லை.

இரண்டாவது கடை தெஹிவளைப் பக்கம். அங்கே நிற்கிற சிங்களப் பெடியன் நான் கை நீட்டின கப்பைப் பார்த்துவிட்டு, “அக்கே, மேக்க அமாருயி” என்றான். இது கஷ்டம் என்று. விற்கிற சாமானைக் கஷ்டம் என்று சொல்லி விற்கிறவனிடம் வாங்கலாம் என்று தோன்றியது. 2024 நவம்பர், விலை 1,850 ரூபா.

டிஷ்யூ கல்ச்சர் கப் என்றால் தயிர்க் கோப்பை அளவில் ஒரு பிளாஸ்ரிக் டப்பா. மேலே சீல். அடியில் ஒரு விரல் தடிப்புக்கு ஜெல்லி, நோன்பு காலத்தில் பக்கத்து வீட்டு அக்கா அனுப்புகிற கடற்பாசிதான், நிறம் மட்டும் இல்லை. அதற்குள் சீனியும் உப்புகளும் கலந்திருப்பார்கள். அந்த ஜெல்லியில் வேரை ஊன்றிக்கொண்டு குட்டிச் செடிகள் பாசி மாதிரி நெருக்கமாய் நிற்கும். கிருமியில்லாத ஆய்வுகூடத்தில் வளர்ந்தவை என்பதால் நத்தை இல்லை, நத்தை முட்டை இல்லை, வேறு பாசியும் ஒட்டியிருக்காது. கொத்தாய் வாங்குகிற செடியோடு இவை எல்லாம் இலவசமாய் வரும்.

வேலைக்கு அடுத்த நாள் லீவு. பார்மசியில் கழித்துவிட்ட மாத்திரை எண்ணுகிற தட்டு ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் செடிகளைப் பரப்பினேன். ஜெல்லி முழுக்கப் போகவேண்டும், ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சீனியில் பூஞ்சணம் பிடிக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் விரலால் ஆட்டினால் கட்டி கட்டியாய்க் கழன்று வந்தது. பிறகு ஒவ்வொன்றாய்ப் பிரித்துத் தட்டின் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு ஸ்பாச்சுலாவால் தள்ளி எண்ணினேன், கை பழக்கம். நாற்பத்தொன்று. தலைக்கு 45 ரூபா. முதல் கடையில் தலைக்கு 150 கொடுத்திருக்கிறேன்.

நடுவது வேறு கதை. ஒவ்வொன்றும் என் சின்ன விரல் நகத்தை விடக் கொஞ்சம் நீளம். தண்டு தலைமயிரை விடச் சற்றுத் தடிப்பு. சாவணத்தால் பிடித்து மண்ணுக்குள் இறக்கி, சாவணத்தைத் திறந்து வெளியே எடுக்கிறபோது செடியும் கூடவே வந்துவிடும். திரும்ப இறக்கவேண்டும். இரண்டு மணித்தியாலம் போனது. மறுநாள் பார்த்தால் நான் கொஞ்சம் இறுக்கிப் பிடித்த இடங்களில் எல்லாம் தண்டில் கறுப்பாய் ஒரு கோடு. அதற்கடுத்த நாள் அந்தக் கோட்டிலேயே முறிந்து தலைகள் மிதந்தன. இந்தச் செடியின் குணம் அப்படி, நசித்தால் மன்னிக்காது. நெற்றியில் திருநீறு பூசுகிற அளவுக்குத்தான் அழுத்தம் கொடுக்கலாம். மூன்று கிழமை கழித்து எண்ணினபோது முப்பத்துமூன்று இருந்தன. போன எட்டும் என் சாவணத்தின் கணக்கில்.

கப்பின் லேபிள் மேல்தான் எனக்குக் கோபம். வெப்பநிலை 22 முதல் 28 வரை, வெளிச்சம் அதிகம், காபனீரொட்சைட்டு தேவை, கஷ்டமான செடி என்பதற்கு ஒரு சிவப்புப் புள்ளி. முடிந்தது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற கடதாசி மாதிரி ஒன்று உள்ளே வைத்தால் என்ன குறைந்துவிடும்?

செடியைப் பற்றி ஒரு விசயம். இது தென்னிந்தியாவின் மேற்குக் கரைப் பக்கத்துச் செடி, எங்களுக்கு எதிர்க்கரைதான். குடும்பம் லித்ரேசியே, அதாவது மருதோண்டியும் மாதுளையும் சேர்ந்த குடும்பம். இதை உயர்தரம் படிக்கிற மகளுக்குச் சொன்னதுதான் தாமதம், நான் வெட்டிப் போட்ட இலைகளை அரைத்து உள்ளங்கையில் அப்பிக்கொண்டு இருந்தாள். அரை மணித்தியாலம் கழித்துக் கழுவினால் ஒன்றும் இல்லை. மருதோண்டியில் தோலைப் பிடிக்கிற சாயம் வேறு, இதில் இருப்பது அந்தோசயனின், தண்ணீரோடு போய்விடும். “சும்மா சொந்தக்காரர்தான், கொடுக்கல் வாங்கல் இல்லை” என்றாள்.

இனித் தண்ணீர். கொழும்பில் இருப்பதில் இந்தச் செடிக்குக் கிடைக்கிற ஒரே அதிர்ஷ்டம் அது. களனி ஆற்றிலிருந்து அம்பத்தளையில் சுத்திகரித்தோ, லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தோ எங்களுக்கு வருகிற தண்ணீர் மென்மையானது. என்னுடைய கேத்தலை நாலு வருடமாய் நான் புளி போட்டுத் தேய்த்ததில்லை. கோண்டாவிலில் அம்மா வீட்டுக் கேத்தலுக்குள் எட்டிப் பாருங்கள், சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருக்கும். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டினவை. மக்ராண்ட்ராவுக்கு அந்த வன்மை ஒத்துவராது. தம்பி அங்கே இரண்டு தரம் வைத்து இரண்டு தரமும் தலை சுருண்டு போனது. கொழும்புத் தண்ணீரில் குளோரீன் மட்டும்தான் தொல்லை. அதற்குச் சோடியம் தயோசல்பேற்று, ஸ்ரூடியோக்காரர் ஒரு காலத்தில் ‘ஹைப்போ’ என்று வைத்திருந்த அதே பளிங்கு. மகனீசியத்துக்குப் பேதி உப்பு. இரண்டும் கடையில் கலர்ப் போத்தலில் வந்தால் பத்து மடங்கு விலை.

போத்தல் என்றதும் ஞாபகம் வருகிறது. ‘சிவப்பாக்கும்’ என்று எழுதின இரும்புப் போத்தல் ஒன்றுக்கு 3,200 ரூபா கொடுத்தேன். பார்மசிக்காரி செய்கிற வேலையா இது? இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினால் கன்னம் சிவக்கும் என்று நம்பி வருகிற ஆட்களுக்கு நாளுக்கு நாலு தரம் விளக்கம் சொல்கிறவள் நான். செடியின் சிவப்பில் இரும்பு இல்லை. பச்சையம் உண்டாக இரும்பு வேண்டும், குறைந்தால் புது இலை வெளுக்கும். எனக்கு இலை வெளுக்கவேயில்லை, இருந்தும் ஊற்றினேன். இரண்டு கிழமையில் கண்ணாடியிலும் இலை ஓரத்திலும் மயிர் மயிராய்ப் பாசி. போத்தலில் முக்கால்வாசி இன்னும் அலுமாரியில் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் தருகிறேன், ஆனால் வாங்காதீர்கள்.

காபனீரொட்சைட்டுக்கு நான் சிலிண்டர் வாங்கவில்லை. சிற்றிக் அமிலமும் அப்பச்சோடாவும் போட்டு இறுக்கி மூடுகிற எவர்சில்வர் குப்பி ஒன்று இருக்கிறது, அதுதான். ஆட்கள் இரண்டையும் சரிக்குச் சரி கொட்டுகிறார்கள். கணக்குப்படி 192 கிராம் அமிலத்துக்கு 252 கிராம் சோடா, வாயு 132 கிராம். நீங்கள் வாங்குகிற அமிலம் நீரேறின பளிங்கு என்றால் 192க்குப் பதில் 210 போடவேண்டும். எனக்கு ஒரு தரம் போட்டால் மூன்று கிழமை ஓடுகிறது. தொட்டிக்குள் ஒட்டியிருக்கிற சின்னக் கண்ணாடிக் குமிழில் உள்ள நீர் நீலமாய் இருந்தால் வாயு குறைவு, புல் பச்சை என்றால் லீற்றருக்கு 30 மில்லிகிராம் கிட்ட, மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. சோடாப் போத்தலில் இதைச் செய்யவேண்டாம். சமையலறையில் வெடித்த சத்தத்துக்கு இவர் குளியலறையிலிருந்து பாதிச் சவர்க்காரத்தோடு ஓடி வந்தார்.

மார்கழியும் தையும் நன்றாய்ப் போனது. இரவில் காய்ந்த காற்று, தொட்டி 26இல் நிற்கும். கப்பில் பச்சையாய் வந்த குட்டிகள் ஒவ்வொரு கணுவிலும் மெல்லிய, ஓரம் நெளிந்த இலையை விட்டன, முதலில் ஈயச் சிவப்பு, பிறகு மாதுளை முத்து நிறம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போன நாளில்கூட ஒன்றும் நடக்கவில்லை. செடிக்கு ஒரு நாள் இருட்டு பெரிய விசயமில்லை.

மாசி முடிந்துதான் பிரச்சினை தொடங்கியது. தலை இலைகள் சின்னதாகி முறுக்கிக்கொண்டன. கணுவுக்குக் கணு இடைவெளி கூடியது. கீழ் இலைகள் பொலித்தீன் போல ஊடு தெரிந்தன. நான் என்ன செய்தேன்? வெளிச்சத்தைக் கூட்டினேன். சரிவரவில்லை, பசளையைக் கூட்டினேன். அதுவும் இல்லை என்றதும் வாயுவைக் கூட்டினேன். அன்று பின்னேரம் வேலையால் வந்து பார்க்கிறேன், குமிழ் எலுமிச்சை மஞ்சள், பன்னிரண்டு மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. இருந்ததில் பாதித் தண்ணீரை அள்ளி ஊற்றி மாற்றினேன். பதினொன்று தப்பியது.

தண்ணீரை மாற்றுகிறபோதுதான் கைக்குச் சூடு தெரிந்தது. வெப்பமானி ஒன்று வாங்கி ஒட்டினேன், 600 ரூபா, இந்தப் பத்து மாதத்தில் செலவழித்த உருப்படியான காசு அதுதான். பின்னேரம் மூன்று மணிக்கு 31.4. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஒட்சிசனும் கரையாது, காபனீரொட்சைட்டும் கரையாது. செடியோ வேகமாய் மூச்சு விட்டு, சேர்த்ததை எல்லாம் எரித்துவிடும். நான் வெளிச்சத்தைக் கூட்டினது காய்ச்சல்காரனை வெயிலில் இருத்தின கதை.

குளிரூட்டுகிற யந்திரம் விசாரித்தேன். விலையைக் கேட்டதும் தொலைபேசியை வைத்துவிட்டேன். இவர் பழைய கொம்பியூட்டரிலிருந்து இரண்டு சின்ன ஃபானைக் கழற்றி, பழைய ரூட்டரின் அடப்ரரில் பூட்டி, தொட்டி விளிம்பில் சாய்வாய் வைத்தார், காற்று தண்ணீர் மேல் தவழ்ந்து போகிற மாதிரி. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறதோ அதுதான். இரண்டு நாளில் பின்னேர அளவு 28.2. மகள் கணக்குப் போட்டாள்: ஒரு லீற்றர் ஆவியாகிப் போகிறபோது எடுத்துக்கொண்டு போகிற சூடு 60 லீற்றரை 9 பாகைக்கு மேல் இறக்கப் போதும், ஆனால் கண்ணாடி வழியாய் அறைச் சூடு திரும்ப ஏறிக்கொண்டே இருப்பதால் மூன்று பாகைதான் கையில் நிற்கிறது. ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றர் குறைகிறது, நிரப்பவேண்டும். மூடி போட ஏலாது, ஆகவே பழைய நுளம்பு வலையை வெட்டி மேலே கட்டினேன். வைகாசி மழையில் காற்று ஈரம் நிறைந்திருக்கும்போது ஃபான் அவ்வளவு வேலை செய்யாது, ஆனால் அப்போது வெயிலும் இல்லை.

“எங்களுக்கு ஒரு ஃபான், செடிக்கு ரெண்டு ஃபானோ?” என்று அம்மா போனில் கேட்டா. பதில் இல்லை.

இன்னொன்றும் செய்தேன், அதற்குக் காசு போகவில்லை. லைட் எரிகிற நேரத்தைப் பகலிலிருந்து பின்னேரம் ஐந்து தொடக்கம் இரவு பதினொன்றரை வரைக்கும் மாற்றினேன். செடி சாப்பிடுகிற நேரமும் தண்ணீர் ஆறுகிற நேரமும் ஒன்றாயின. நானும் வீட்டில் நிற்கிறேன், பார்க்கலாம். கரையோர ரயில் போகிறபோது தண்ணீர் மேற்பரப்பு நடுங்கும், அந்த நடுக்கம் சிவப்பு இலைகளுக்கு மேல் வெளிச்சத்தை உடைத்துப் போடும். அந்த நேரம் தேத்தண்ணீரோடு இருந்தால் எழும்ப மனம் வராது.

இரண்டு கிழமையில் தலைகள் விரிந்தன. பசளை போன வருடம் போட்ட அதே அளவுதான், வாயு அதே பச்சை.

நிறத்தைப் பற்றிக் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சூட்சுமம். கடை லைட்டில் சிவப்புக் குமிழ்கள் கலந்திருக்கும், அதற்குக் கீழ் வெண்டைக்காயும் கொஞ்சம் சிவப்பாய்த்தான் தெரியும். போனின் டோர்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். அந்த வெள்ளை வெளிச்சத்தில் இருக்கிற நிறம்தான் வீட்டுக்கு வரும். என்னுடையது டோர்ச்சில் நல்ல ரோஸ், அடி இலைகள் செம்பு. வீடியோவில் வருகிற இரத்தச் சிவப்பு இல்லை. எனக்கு இது காணும்.

முன்னால் ஓடுகிற மீன்கள் செர்ரி பார்ப். எங்கள் நாட்டு மீன்தான், இலங்கையின் தென்மேற்கு ஈர வலயத்து ஓடைகளைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லை, சிங்களத்தில் லே தித்தயா, ‘லே’ என்றால் இரத்தம். ஆண் மீன் சினைக் காலத்தில் செடியையே தோற்கடிக்கும். உள்ளூர் மீன் 120 ரூபா, எதிர்க்கரைச் செடி ஆய்வுகூடம் வழியாய்ச் சுற்றி வந்து 1,850. நாங்கள் கறி வைக்கிற கெக்கட்டிய என்கிற நீர்ச்செடியின் கிழங்கை வெளிநாட்டில் தொட்டிச் செடியென்று விற்கிறார்கள், அதையும் நினைத்துக்கொள்ளலாம்.

கப்புக்குப் பத்துக்கு எட்டு போடுவேன். ஒன்றை லேபிளுக்குக் கழித்தேன், மற்றதை முதல் ஒரு மாதம் ஒன்றும் நடக்காமல் இருக்கிற பொறுமைச் சோதனைக்கு. கொத்தாய் வாங்குவதானால் தண்ணீருக்குள் வளர்ந்த கிளையா என்று கேளுங்கள்: இலை மெல்லியதாய், நெளிந்து, வெளியே எடுத்தால் துணி போலத் தொங்கவேண்டும். விறைப்பாய் நின்றால் வைத்துவிட்டு வாருங்கள். கடைப் பெடியனுக்குப் பத்துக்குப் பத்து. வெட்டின தலைகள் இருபதைக் கொண்டுபோய்க் கொடுத்ததற்கு ஒரு பை மண்ணில் பாதி விலை கழித்தான்.

வெட்டி மிஞ்சுவதை வெள்ளவத்தைக் கால்வாயில் மட்டும் போடாதீர்கள். சல்வீனியா 1939இல் தாவரவியல் படிப்புக்கென்று கொழும்புக்குக் கொண்டுவந்த செடி, பிறகு வயலும் குளமும் மூடிப் பரவியது. நான் வெயிலில் காயவைத்துப் பூச்சாடிக்குப் போடுகிறேன்.

நேற்று நாலாம் தரம் வெட்டினேன். தலைகள் இருபத்துமூன்று, ஈரக் கடதாசியில் சுற்றி ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்திருக்கிறேன். இன்றைக்கு இரவு பஸ்ஸில் தம்பி யாழ்ப்பாணம் போகிறான். கூரைத் தண்ணீர் பிடிக்க இரண்டு பீப்பா வாங்கிவிட்டானாம், கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் விடமாட்டேன் என்கிறான். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஏசி பஸ்ஸில் போகச் சொல்லியிருக்கிறேன். ரிக்கற் காசு என்னுடையது.